எடுத்தால் பணம், விட்டால் பென்ஷன்: நாடு திரும்புவோரின் கேள்விகள்

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் பென்ஷன் சந்தா பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அங்கே கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது. வாங்கிய பிறகு முடிவை மாற்ற வழி இல்லை. தொகைகள், விகிதங்கள் எல்லாம் 2025-26 நிலவரம்.

கேள்வி: ஜப்பானில் 7 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 34 வயதில் கோவைக்குத் திரும்புகிறேன். உடன் இருந்தவர்கள் எல்லோரும் பென்ஷன் பணத்தை மொத்தமாக வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கலாமா? ஜப்பான் போவதற்கு முன் சென்னையில் 4 ஆண்டுகள் பி.எஃப். பிடித்தார்கள்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணக்கில் வாங்காமல் இருப்பதே லாபம். ஏன் என்று பார்ப்போம்.

ஜப்பானில் சம்பளத்தில் 18.3 சதவீதம் ஊழியர் பென்ஷனுக்குப் போகிறது. பாதி நீங்கள், பாதி கம்பெனி. நாட்டை விட்டுப் போகும் வெளிநாட்டவர் 6 மாதமாவது கட்டியிருந்தால் ‘தட்டாய் இச்சிகின்’ என்ற மொத்தத் தொகையைக் கேட்கலாம். இதில் பலர் கவனிக்காத வரம்பு ஒன்று உண்டு: நீங்கள் எத்தனை மாதம் கட்டியிருந்தாலும் 60 மாதத்துக்குத்தான் பணம். 2021 ஏப்ரலுக்கு முன் இந்த உச்சவரம்பு 36 மாதமாக இருந்தது. இதை 8 ஆண்டாக உயர்த்த 2025-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நீங்கள் கட்டியது 84 மாதம். பணம் வாங்கினால் 60-க்குத் தருவார்கள், அழிவது 84-ம்.

போனஸ் சேர்த்து உங்கள் சராசரி மாதச் சம்பளம் 3 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். 60 மாதத்துக்கான பெருக்கல் எண் 5.5. ஆக 16.5 லட்சம் யென். இதில் 20.42 சதவீதம், அதாவது 3,36,930 யென், வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார்கள்.

வாங்காமல் விட்டால்? ஜப்பானில் பென்ஷன் பெற 10 ஆண்டுகள் கட்டியிருக்க வேண்டும். 2016 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமலில் இருப்பதால், தகுதி பார்க்க இந்திய மாதங்களையும் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் 84-உடன் சென்னையின் 48 சேர்ந்தால் 132, 120-ஐத் தாண்டிவிட்டீர்கள். தொகை மட்டும் ஜப்பானில் கட்டிய மாதங்களுக்கே கிடைக்கும். சம்பளம் சார்ந்த பகுதி: 3 லட்சம் × 5.481/1000 × 84 = சுமார் 1.38 லட்சம் யென். அடிப்படை பென்ஷன்: முழுத் தொகையான 8,31,700 யென்னில் 480-க்கு 84 பங்கு, சுமார் 1.45 லட்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2.83 லட்சம் யென், 65 வயதிலிருந்து ஆயுள் முழுக்க. மொத்தமாக வாங்கியிருக்கக்கூடிய 16.5 லட்சத்தை இது 6 ஆண்டுக்குள் தாண்டிவிடும்.

31 ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே, அந்தப் பணத்தை இங்கே போட்டால் வளருமே என்பது நியாயமான வாதம்தான். 24 அல்லது 30 மாதம் மட்டும் கட்டியவர், இந்தியாவில் பென்ஷன் சேவை (பென்ஷன் திட்டத்தில் இருந்த காலம்) அதிகம் இல்லாதவர், அந்த வாதத்தை ஏற்று வாங்கிக்கொள்வதில் தவறில்லை. 30 மாதத்துக்குப் பெருக்கல் எண் 2.7, அதே சம்பளத்தில் 8.1 லட்சம் யென். 60-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த வாதம் நிற்காது. 120 மாதம் நிறைந்தவர்களுக்கோ மொத்தத் தொகை என்ற பேச்சே இல்லை. அவர்களுக்குப் பென்ஷன் மட்டும்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே சரிபாருங்கள். சென்னையின் அந்த 48 மாதம் பென்ஷன் கணக்கில் ஏறியிருக்கிறதா, அதை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? கீழே மூன்றாவது கேள்வி அதைப் பற்றியதுதான். அந்த 48 இல்லையென்றால் உங்கள் கணக்கு 84-இல் நின்றுவிடும். மீதி 36 மாதத்தை இனி இந்தியாவில் பார்க்கும் வேலையில் சேர்க்க வேண்டியிருக்கும். முடிவெடுக்க அவசரமும் இல்லை. ஜப்பானில் முகவரி நீங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் போதும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து திரும்பி மொத்தத் தொகைக்கு விண்ணப்பித்தேன். ‘உங்களுக்கு ஜப்பானில் முகவரி இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிடித்த 20 சதவீத வரியும் திரும்ப வரும் என்கிறார்களே?
— வாசகி, மதுரை

பதில்: கிளம்பும் முன் நகராட்சி அலுவலகத்தில் ‘டென்ஷுட்சு டோடோகே’ என்ற வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்காமல் விமானம் ஏறியிருக்கிறீர்கள். திரும்பி வரும் அனுமதியோடு, விடுமுறைக்குப் போவது போல் வெளியேறினால் பதிவேட்டில் முகவரி அப்படியே இருக்கும். முகவரி இருக்கும்வரை விண்ணப்பம் செல்லாது. நீங்கள் வசித்த ஊரின் அலுவலகத்துக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, முகவரி நீக்கப்பட்டதை உறுதி செய்த பிறகு மறுபடி விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், அடிப்படை பென்ஷன் எண் உள்ள தாள், வங்கிக் கணக்கு விவரம். இதில் அதிகம் சறுக்குவது வங்கித் தாள். கிளையின் பெயர், முகவரி, கணக்கு எண், கணக்குதாரர் பெயர் நான்கும் வங்கி அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

வரி உண்மையிலேயே திரும்ப வரும். இந்தத் தொகையை ஓய்வுக்கால வருமானமாகக் கணக்கிடும்படி கேட்டு ஜப்பானிய வரி அலுவலகத்தில் தாக்கல் செய்தால், பெரும்பாலோருக்குப் பிடித்தது முழுவதும் கிடைத்துவிடும். அதற்கு ஜப்பானில் வசிக்கும் ஒருவரை ‘நோஸெய் கன்ரினின்’, அதாவது வரிப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். பழைய சக ஊழியரோ நண்பரோ போதும். தொழில்முறை ஆள் தேவையில்லை. பணம் வந்ததும் உங்கள் வீட்டுக்கு வரும் முடிவறிவிப்புத் தாளின் அசலை அவருக்கு அனுப்புங்கள். அது தொலைந்தால் அலைச்சல். தாக்கல் செய்ய 5 ஆண்டு அவகாசம். சொந்தத் தொழில் செய்து தேசியப் பென்ஷன் மட்டும் கட்டியவர்களுக்கு வரி பிடிப்பதே இல்லை. அவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனி போகும்போது இந்தியாவில் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிட்டேன். அங்கே என் இந்திய ஆண்டுகள் கணக்கில் வருமா?
— வாசகர், ஓசூர்

பதில்: எந்தப் படிவம் போட்டீர்கள் என்பதில் இருக்கிறது விடை. 19-ஆம் படிவம் பி.எஃப். பணத்துக்கு. 10சி பென்ஷனுக்கு. பி.எஃப்.-ஐ மட்டும் எடுத்திருந்தால் பென்ஷன் சேவை உயிரோடு இருக்கிறது. 10சி போட்டுப் பென்ஷன் பங்கையும் பணமாக வாங்கியிருந்தால் அந்த ஆண்டுகள் போனவை போனவையே. அதே 10சி-யில் பணத்துக்குப் பதிலாக, சேவைக் காலத்தைக் காட்டும் ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ கேட்டிருந்தால் சேவை பத்திரமாக இருக்கும். பெரும்பாலான நிர்வாகத் துறைகள் ஊழியரிடம் இதைச் சொல்வதில்லை; இரண்டு படிவத்தையும் ஒன்றாக வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப்.-க்குப் போகிறது. கம்பெனி தரும் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு. ஆனால் 15,000 ரூபாய் வரம்பு இருப்பதால் மாதம் 1,250-க்கு மேல் போகாது. 10 ஆண்டு நிறைந்தால் 58 வயதில் பென்ஷன். தொகை: பென்ஷன் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். உதாரணமாக, 6 ஆண்டு சேவையின் மதிப்பு இந்தக் கணக்கில் 15,000 × 6 ÷ 70, அதாவது மாதம் 1,285 ரூபாய். இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘இதுக்காகவா காத்திருப்பது’ என்று எல்லோரும் 10சி போடுகிறார்கள். எடுத்தால் வருவதும் ஒரு லட்சத்தைத் தொடாது. அந்த ஒரு லட்சத்துக்காக, வெளிநாட்டில் மாதம் நூறு, இருநூறு யூரோ பென்ஷனைத் திறக்கக்கூடிய சாவியை விற்றுவிடுகிறோம். இந்திய மாதங்களின் மதிப்பு இந்திய பென்ஷன் தொகையில் இல்லை, அயல்நாட்டுத் தகுதியைத் தாண்ட உதவுவதில்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பி.எஃப்.-இல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்கள் பென்ஷன் திட்டத்தில் உறுப்பினரே இல்லை. ஐ.டி. துறைக்குப் போன இளைஞர்களில் பலர் இந்த வகை. பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் பத்தியைப் பாருங்கள். மாதாமாதம் 1,250 ஏறியிருந்தால் சரி, பூஜ்யம் என்றால் அந்த மாதங்களை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் 42 மாதம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு அங்கேயே 2 ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். இப்போது திருச்சிக்கு வந்துவிட்டோம். 60 மாதம் ஆகாததால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார் கணவர். எவ்வளவு வரும்?
— வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு 60 மாதம் ஆகிவிட்டது. 1992 முதல் பிறந்த குழந்தையை ஜெர்மனியில் வளர்த்த பெற்றோரில் ஒருவருக்கு, குழந்தை ஒன்றுக்கு 36 மாதம் வரை பென்ஷன் சந்தா கட்டியதாகவே கணக்கு. பணத்தை அரசு போடுகிறது. பிறந்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து, ஜெர்மனியில் வசித்த மாதங்களுக்கு மட்டும். உங்கள் 42-உடன் 24 சேர்ந்து 66. ஜெர்மனியில் பென்ஷனுக்குத் தேவையான குறைந்தபட்சம் 60. எனவே இந்திய மாதங்கள் இல்லாமலே, 67 வயதில், உங்களுக்கு அங்கே பென்ஷன் உண்டு. பணத்தைத் திரும்பப் பெறும் வழி அடைபட்டுவிட்டது, அடைபட்டது நல்லதற்கே.

ஆனால் இந்த 24 மாதம் தானாகப் பதிவேட்டில் ஏறாது. வி0800 என்ற படிவத்தை ஜெர்மன் பென்ஷன் நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்க வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்று, அங்கே வசித்ததற்கான பதிவுத் தாள் இரண்டும் இப்போது கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். 30 ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

எவ்வளவு வரும் என்றால்: ஜெர்மனியில் அந்த ஆண்டின் சராசரிச் சம்பளம் வாங்கியவருக்கு ஒரு புள்ளி. 2025-இல் சராசரி 50,493 யூரோ. மாதம் 4,000 யூரோ வாங்கியவருக்கு ஆண்டுக்குச் சுமார் 0.95 புள்ளி; 42 மாதத்துக்கு 3.3. குழந்தைக்காக ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் 2. மொத்தம் 5.3 புள்ளி. ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ, ஆக இன்றைய மதிப்பில் மாதம் 216 யூரோ அளவில். புள்ளியின் மதிப்பு ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தப்படுகிறது.

குழந்தைக் கணக்கு இல்லாமல் வெறும் 42 மாதம் மட்டும் உள்ள வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். திரும்பக் கேட்கலாம், படிவம் வி0901. நிபந்தனைகள் கடுமை. கடைசிச் சந்தாவுக்குப் பிறகு 24 மாதம் முழுமையாகக் கழிய வேண்டும். அதற்குள் நெதர்லாந்திலோ பிரான்சிலோ வேலைக்குச் சேர்ந்து அங்கே கட்டாயச் சந்தா ஆரம்பித்தால் கேட்க முடியாது. கிடைப்பது உங்கள் பாதி மட்டும்: 4,000-க்கு 9.3 சதவீதம், மாதம் 372 யூரோ, 42 மாதத்துக்கு 15,624. வட்டி இல்லை. கம்பெனி கட்டிய இன்னொரு 15,624 அங்கேயே தங்கிவிடும். ஜப்பானைப் போலவே வாங்கிய கணமே எல்லா மாதங்களும் அழியும்.

2017 மே 1 முதல் அமலில் உள்ள விரிவான ஒப்பந்தப்படி இந்திய மாதங்களைக் கூட்டலாம். ஆகவே 42 மாதக்காரருக்கு இந்தியப் பென்ஷன் திட்டத்தில் 18 மாதம் இருந்தாலே 60 நிறைந்துவிடும். 67 வயதில் மாதம் சுமார் 135 யூரோ. 15,624-ஐ இது பத்தாண்டுக்குள் தாண்டும். எங்கள் கருத்து: 18 மாதம் கையில் இருக்கிறவர் வாங்க வேண்டாம். இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லும் விதி நல்லதுதான்; அதற்குள் இந்தியாவிலேயே வேலையில் சேர்ந்து அந்த 18 மாதம் தேறிவிடுகிறது.

கேள்வி: சென்னைக் கம்பெனி என்னை 2 ஆண்டுக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. இங்கே பி.எஃப்., அங்கே பென்ஷன் இரண்டும் பிடிப்பார்களா?
— வாசகர், சென்னை

பதில்: இந்தியக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இருந்து அனுப்பப்பட்டால், இந்தியாவில் சந்தா கட்டுகிறீர்கள் என்று பி.எஃப். நிறுவனம் தரும் ‘சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ்’ இருந்தால் போதும், அங்கே பென்ஷனும் வேலையின்மைக் காப்பீடும் பிடிக்க மாட்டார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எஃப். நிறுவனத்தின் சர்வதேச ஊழியர் இணையதளத்தில் விண்ணப்பித்து, கம்பெனி உறுதி செய்து, மண்டல அலுவலகம் தரும். கிளம்பும் முன் வாங்குங்கள். போன பிறகு ஆறு மாதம் கழித்து வாங்கினால், அதற்குள் பிடித்ததைத் திரும்பப் பெறுவது அங்குள்ள கணக்குப் பிரிவுக்குத் தலைவலி.

அங்குள்ள கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்தால் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. அப்போது அங்கே கட்டித்தான் ஆக வேண்டும், அந்த மாதங்கள் உங்களுடையவை. சான்றிதழோடு போனவருக்கு ஜெர்மனியில் ஒரு மாதமும் ஏறாது. 2 ஆண்டு கழித்து ‘என் ஜெர்மன் பென்ஷனைத் திரும்பத் தாருங்கள்’ என்று எழுத ஒன்றும் இல்லை.

ஒப்பந்தம் எந்தெந்த நாட்டோடு என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், லக்சம்பர்க், பிரான்ஸ், தென் கொரியா, நெதர்லாந்து, ஹங்கேரி, ஸ்வீடன், ஃபின்லாந்து, செக், நார்வே, ஆஸ்திரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், போர்ச்சுகல், கனடாவின் கியூபெக் தனியாக, கடைசியாக 2024 ஜனவரியில் பிரேசில். சுவிஸ் ஒப்பந்தம் இரட்டைச் சந்தாவைத் தவிர்ப்பதோடு நிற்கிறது, மாதங்களைக் கூட்டாது. அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எதோடும் மாதங்களைக் கூட்டும் ஒப்பந்தம் இல்லை.

கேள்வி: இங்கிலாந்தில் 7 ஆண்டுகள் நேஷனல் இன்சூரன்ஸ் (அரசுப் பென்ஷனுக்கான சந்தா) கட்டினேன். 2022-இல் திரும்பி இங்கே வேலையில் இருக்கிறேன். திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், சேலம்

பதில்: ஒரு பென்னி திரும்பாது. இங்கிலாந்தில் அரசுப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும். 35-க்கு முழுத் தொகையான வாரம் 230.25 பவுண்டு. இந்திய ஆண்டுகள் அங்கே கூட்டப்படாது. 7-இல் நிற்கிறவருக்குப் பூஜ்யம்.

ஆனால் விடுபட்ட ஆண்டுகளுக்கு விருப்பச் சந்தா கட்டலாம். 7-ஐ 10 ஆக்கினால் 35-க்கு 10 பங்கு, வாரம் 65.79 பவுண்டு, ஆண்டுக்கு 3,400-க்கு மேல். மூன்று ஆண்டுக்கு, வாரம் 17.75 என்ற 3-ஆம் வகுப்பு விகிதத்தில் கட்டினாலும் செலவு 2,800-க்குள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கான 2-ஆம் வகுப்பில் 2025-26-இல் வாரம் 3.50 பவுண்டு மட்டும். இவ்வளவு மலிவாகப் பென்ஷன் கிடைப்பது அரிது; அதனால்தான் இங்கிலாந்து அரசு கதவைச் சாத்துகிறது. 2026 ஏப்ரல் 6 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்கு 2-ஆம் வகுப்பு இல்லை. 3-ஆம் வகுப்பில் புதிதாகக் கட்டத் தொடங்க 10 ஆண்டு வசிப்போ சந்தாவோ வேண்டும். உங்களுக்கு உதவக்கூடியவை அதற்கு முந்தைய வரியாண்டுகள். பொதுவாக 6 ஆண்டு வரை பின்னோக்கி நிரப்ப விடுவார்கள். சிஎஃப்83 படிவத்தில், 2022-23 தொடங்கி எந்த ஆண்டுக்கு எந்த வகுப்பில் கட்டலாம் என்று வரியாண்டு வாரியாகக் கேளுங்கள். பதில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

ஒரு குறை: இந்தியாவில் வசிப்பவருக்கு அந்தப் பென்ஷன் ஆண்டுதோறும் உயராது. முதல் வாரம் என்ன தொகையோ, கடைசி வாரமும் அதுதான். அதைக் கணக்கில் கொண்டாலும் லாபம்தான்.

உங்கள் கம்பெனி பிடித்த பணியிடப் பென்ஷன் வேறு கணக்கு. அது உங்கள் பெயரில் நிதியாக இருக்கிறது. இப்போது 55 வயதில் எடுக்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் 57. முகவரி மாற்றத்தை அந்த நிதிக்குத் தெரிவிக்காதவர்கள் ஏராளம்.

கேள்வி: சிங்கப்பூரில் நிரந்தர வசிப்புரிமையோடு (பி.ஆர்.) 12 ஆண்டுகள். அங்குள்ள சேமநிதியான சி.பி.எஃப். பணத்தை எடுக்க என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பி.ஆர்.-ஐத் துறந்து, நிரந்தரமாக நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதன் பிறகு மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் உட்பட எல்லாக் கணக்கிலும் உள்ளதை வாங்கிக்கொள்ளலாம். மாதங்களைக் காப்பாற்றுவது என்ற பேச்சு இங்கே இல்லை; அது உங்கள் சேமிப்பு, முழுவதும் வரும். இழப்பது பி.ஆர். மட்டும். மகன் இருந்தால் தேசிய சேவைக் கடமை பற்றி முதலில் விசாரித்துவிட்டுத் துறங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் 8 ஆண்டு, அதற்கு முன் துபாயில் 5 ஆண்டு. இரண்டிலும் எனக்கு என்ன இருக்கிறது?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: அமெரிக்க அரசுப் பென்ஷனான சோஷியல் செக்யூரிட்டிக்கு 40 கிரெடிட் வேண்டும், ஆண்டுக்கு 4-க்கு மேல் கிடைக்காது, ஆக 10 ஆண்டு. 8 ஆண்டில் 32. திரும்பவும் கிடைக்காது, இந்திய ஆண்டோடு கூட்டவும் முடியாது. பதிவு மட்டும் அழியாது. பின்னாளில் மறுபடி 2 ஆண்டு அங்கே வேலை பார்த்தால் 40 ஆகிவிடும். துபாயில் வெளிநாட்டவருக்குப் பென்ஷன் கிடையாது, பணிக்கொடைதான்: முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அதைக் கிளம்பும்போதே வாங்கியிருப்பீர்கள்.

கனடாவில் இருந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். அங்குள்ள பென்ஷன் திட்டமான சி.பி.பி.-க்கு ஒரே ஒரு செல்லுபடியான சந்தா இருந்தால்கூடப் பென்ஷன் உண்டு, தொகை சிறியது என்றாலும். ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருந்தவர் ‘சூப்பர்’ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணத்தை நாட்டை விட்டு வந்தபின் கேட்கலாம்; வழக்கமாக 35 சதவீதம் வரி போகும். 6 மாதத்துக்கு மேல் விட்டுவிட்டால் நிதியிலிருந்து அந்நாட்டு வரித் துறைக்கு மாறிவிடும், அங்கே கேட்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுப் பென்ஷன் பணம் இங்கே வந்தால் வருமான வரி உண்டா? திரும்பிய முதல் சில ஆண்டுகள் வரி இல்லை என்கிறார்களே?
— வாசகி, ஈரோடு

பதில்: எல்லோருக்கும் இல்லை என்பது சரியல்ல. ‘வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல’ என்ற நிலை கிடைத்தால்தான் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வரிக் கணக்கில் இந்தியாவில் வசிக்காதவராக இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய 7 ஆண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-க்குள் இருக்க வேண்டும். 4 ஆண்டு மட்டும் வெளியே இருந்தவருக்கு 7 ஆண்டில் மீதி 3 ஆண்டு இங்கேதான், ஆயிரம் நாளைத் தாண்டிவிடும். முதல் ஆண்டிலேயே முழு வரி நிலை. 10 ஆண்டு வெளியே இருந்தவருக்கு 2 ஆண்டுக்கு மேலும் சலுகை நீடிக்கலாம். விடுமுறைக்கு வந்த நாட்களும் எண்ணிக்கையில் சேரும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எனவே ஜப்பான் தொகையைக் கேட்கிறவர் இந்தச் சலுகைக் காலத்துக்குள் பணம் வரும்படி விண்ணப்பிப்பது நல்லது. ஜெர்மனியில் 24 மாதம் காத்திருக்க வேண்டியிருப்பதால் பலருக்கு அந்த வசதி இல்லை. முழு வரி நிலைக்கு வந்துவிட்டவர்கள் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான எஃப்.ஏ. அட்டவணையில் அங்குள்ள பென்ஷன் நிதிகளையும் காட்ட வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா ஓய்வுக்கால நிதிகளில் எடுக்காமலே வளரும் தொகைக்கு ஆண்டுதோறும் வரி கட்டாமல், எடுக்கும்போது கட்டும் வாய்ப்பை, 2025-26 வரையிலான வருமானத்துக்கு, 1961 வருமான வரிச் சட்டத்தின் 89ஏ பிரிவு தருகிறது; அதற்கு 10-இஇ படிவம். ஒருமுறை தேர்ந்தால் பின்வாங்க முடியாது.

கேள்வி: என் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பி.எஃப்.-இல் இனிஷியல் முன்னால். இது பிரச்சினையா?
— வாசகர், விருதுநகர்

பதில்: தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இருக்கும் பெரிய பிரச்சினையே இதுதான். வெளிநாட்டு நிறுவனம் உங்கள் இந்தியச் சேவையைக் கேட்டு பி.எஃப். நிறுவனத்துக்கு எழுதும்போது, பாஸ்போர்ட் பெயரில்தான் கேட்கும். பி.எஃப்.-இல் வேறு பெயர் இருந்தால் ஆள் வேறு என்று திரும்பிவிடும். முதலில் ஆதாரைப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப விரித்தெழுதி மாற்றுங்கள். பிறகு பி.எஃப். உறுப்பினர் தளத்தில் பெயர்த் திருத்தம். பிறந்த தேதியையும் அப்போதே பாருங்கள்.

அதோடு: இரண்டு யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் ஒன்றாக்குங்கள். பழைய கம்பெனி வேலை விட்ட தேதியைக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குறிக்காவிட்டால் பணம் எடுக்கவோ மாற்றவோ விண்ணப்பித்தால் நிற்கும். ஆதாரோடு இணைத்த இந்திய சிம்மை வெளிநாட்டில் இருக்கும்போதும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்; ஓ.டி.பி. வராமல் எதுவும் நகராது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய தாள்கள்: ஜெர்மனியில் கம்பெனி ஆண்டுதோறும் தரும் சமூகக் காப்பீட்டு அறிவிப்பும் சந்தா வரலாற்றுத் தாளும், ஜப்பானில் அடிப்படை பென்ஷன் எண் தாள், இங்கிலாந்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண். பென்ஷன் வயது வந்ததும் ஒப்பந்த நாடுகளுக்கு நேரே அந்த நாட்டுக்கு எழுத வேண்டியதில்லை; உங்கள் மண்டல பி.எஃப். அலுவலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், அவர்கள் அனுப்பி வைப்பார்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு உயிர்ச்சான்று கேட்டு அங்கிருந்து கடிதம் வரும். பதில் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். வீடு மாறினால் எரிவாயு இணைப்புக்கும் வங்கிக்கும் முகவரி மாற்றும்போது இவர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.